பேச்சு கேட்கலை, சண்டை மட்டும் கேட்குது!

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் சவுண்டைக் குறைச்சுக்கிறீங்களா? காலையில ஏழரைக்குத்தான் வந்து படுத்தேன்."

பக்கத்துப் போர்ஷன் பையன். லுங்கியும் பனியனுமாக, கண் இரண்டும் சிவந்துபோய் வாசற்படியில் நின்றான். மணி பதினொன்று, பட்டப்பகல். நான் டி.வி.யில் ஒரு படத்தை ஓடவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஐயோ, தெரியாமப் போச்சுப்பா" என்று ஓடிப்போய் அணைத்தேன்.

எங்கள் ஊரைத் தெரியாத தோழிகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில். அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்தது, அப்புறம் வரிசையாக எத்தனையோ கம்பெனிகள். இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஷிப்டு. நடு இரவில் கம்பெனி பஸ் ஆளை இறக்கிவிடும், விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போகும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரை சத்தம் இருக்கலாம், இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இராத்திரி ஆரம்பிப்பதே காலை எட்டு மணிக்குத்தான்! சட்டம் எழுதியவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தீபாவளி போனஸில் என் மகன் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி வந்தான். ரிசீவர் என்று கனமான கறுப்புப் பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் ஐந்து, நாற்காலி உயரத்துக்குச் சப்-வூஃபர் ஒன்று. ஐந்து ஸ்பீக்கருக்கு ஐந்து, சப்-வூஃபருக்குப் புள்ளி ஒன்று. இதைத்தான் 5.1 என்கிறார்களாம். கடையிலிருந்து வந்த பையன் இருபது நிமிஷத்தில் ஒயரை எல்லாம் சொருகி, ஒரு குத்துப் பாட்டைப் போட்டு, "எப்படி அதிருது பாத்தீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அதிர்ந்தது வாஸ்தவம். பூஜை அலமாரியில் பஞ்சபாத்திரம் தானாக ஆடியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரிமோட் போராட்டம். கதாநாயகி ஏதோ சொல்வாள், காதில் விழாது. ஏற்றுவோம். உடனே வில்லன் வந்து காரைக் கொளுத்துவான், வீடே இடியும். இறக்குவோம். மறுபடி பேச்சு கேட்காது. பிரசவத்துக்கு வந்த என் மகள் நாலு மாசக் குழந்தையை மடியில் போட்டிருப்பாள், ஒவ்வொரு வெடிக்கும் அது இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு அழும். (இளம் தாய்மார்கள் இதற்காகப் பயப்பட வேண்டாம். அந்த வயதில் திடீர்ச் சத்தத்துக்குக் குழந்தை திடுக்கிடுவது இயல்பு. எந்தச் சத்தத்துக்கும் அசையாமல் இருந்தால்தான் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் காது கேட்கும் சோதனை, குறை இருப்பதாகப் பட்டால் மூன்று மாதத்துக்குள் அதை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. இதுதான் கணக்கு.) என் வீட்டுக்காரர் மட்டும் எதற்கும் அசையமாட்டார். "இன்னும் கொஞ்சம் வை, ஒண்ணும் புரியலை" என்பார்.

பையன் வந்து கதவைத் தட்டிய அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, "இன்றைக்கு இந்தப் பெட்டியை ஒரு வழி பண்ணாமல் சமையல் கிடையாது" என்று மகனை உட்கார வைத்துவிட்டேன். நான் படித்தது பத்தாவது வரைதான். ஆனால் கேள்வி கேட்க எதற்குப் படிப்பு?

முதல் கேள்வி: வால்யூமை ஏற்ற ஏற்ற நம்பர் ஏன் குறைகிறது? எங்கள் ரிசீவரில் மைனஸ் 60, மைனஸ் 40, மைனஸ் 25 என்று வரும். நான் இத்தனை நாளும் 25 என்றால் 40-ஐவிடக் கம்மி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! சரியாக அளவு செய்துவைத்த ரிசீவரில் 0 என்பது சினிமா தியேட்டரின் அளவு. அங்கே ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகும். மைனஸ் 40 என்றால் அதைவிட 40 டெசிபல் கீழே. பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஆபத்து. (சில மாடல்களில் 0-விலிருந்து மேலே ஏறுகிற மாதிரி நம்பர் இருக்கும். அதில் குழப்பம் இல்லை.) டெசிபல் கணக்கு நம் வீட்டுக் கணக்கு மாதிரி இல்லை. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். மூன்று டெசிபல் கூட்டவே ரிசீவர் இரண்டு மடங்கு மின்சக்தியைக் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம்: பேச்சு எங்கேயிருந்து வருகிறது? இதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் இத்தனை அவஸ்தைப்பட்டிருக்க மாட்டேன். சினிமாவில் வசனம் அநேகமாக முழுவதும் டி.வி.க்குக் கீழே இருக்கிற நடு ஸ்பீக்கரில், அதாவது சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. பாட்டும் வாத்தியமும் இடது வலது ஸ்பீக்கரில். மழை, கூட்டம், ஹெலிகாப்டர் இதெல்லாம் பின்னால். இடி சப்-வூஃபரில். பேச்சு கேட்கவில்லை என்று மொத்த வால்யூமை ஏற்றினால் ஐந்தும் ஏறும், இடியும் சேர்ந்து ஏறும். சாம்பாரில் உப்புக் குறைந்தால் உப்பைத்தானே போடுவோம்? புளி, மிளகாய், பெருங்காயம் எல்லாவற்றையும் சேர்த்தா கொட்டுவோம்?

அந்த நடு ஸ்பீக்கரை நான் என்ன செய்து வைத்திருந்தேன் தெரியுமா? ஷோகேஸின் உள்பக்கமாகத் தள்ளி, தூசு படக்கூடாதென்று நானே பூ வேலை செய்த துணியைப் போர்த்தி, முன்னால் இரண்டு கொலு பொம்மை. செட்டியார் பொம்மை கடையைப் பரப்பிக்கொண்டு வசனத்தை மறைத்துக்கொண்டிருந்தார்! துணி கனமான ஒலியைத் தடுக்காது, மெல்லிய ஒலியைத்தான் உறிஞ்சும். எழுத்து எழுத்தாகப் பேச்சைப் பிரித்துக் காட்டுவதே அந்த மெல்லிய ஒலிதான். துணியை எடுத்தோம், பொம்மையை மாற்றினோம், ஸ்பீக்கரை அலமாரியின் விளிம்புக்கே இழுத்து, உட்காருபவர் காதைப் பார்க்கும்படி அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்துச் சற்றே நிமிர்த்தினோம். ஒரு பட்டனையும் தொடாமலே பாதி சரியாகிவிட்டது.

அப்புறம் ரிசீவரின் மெனுவுக்குள் போனோம். 'ஸ்பீக்கர் லெவல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஷ்ஷ்' என்று ஓர் அளவுச் சத்தம் கொடுக்கும். எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, எல்லாம் ஒரே அளவில் கேட்கும்படி ஏற்றி இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் என் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அவை கூவின. குறைத்தோம். எல்லாம் சமமான பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூடுதலாக வைத்தோம். 'டிஸ்டன்ஸ்' என்ற இடத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கேட்கும். தையல் டேப்பால் அளந்து போட்டேன். பக்கத்தில் இருப்பதன் ஒலி முந்திக்கொண்டு வராமல், எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேர அது உதவுகிறது.

இதையெல்லாம் தானாகச் செய்ய ரிசீவரோடு ஒரு சின்ன மைக் கொடுத்திருப்பார்கள். டெனானில் ஆடிஸி என்பார்கள், யமஹாவில் வேறு பெயர். மைக்கை உட்காருபவர் காது உயரத்தில் வைக்க வேண்டும், சோபா முதுகின்மேல் சாய்க்கக்கூடாது. ஃபேனை நிறுத்த வேண்டும், குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்காரக்கூடாது. எங்கள் மைக் வாங்கின பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்தது! குழந்தையை மாடிக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். அந்தச் சத்தம் பெரிதாக வரும்.

டி.வி. சீரியலுக்குப் பேச்சு வரவில்லை என்றால் இன்னொன்றைப் பாருங்கள். ரிசீவர் 'ஸ்டீரியோ' என்ற நிலையில் இருந்தால் நடு ஸ்பீக்கர் சும்மாவே இருக்கும். 'சரவுண்ட்' பட்டனை அழுத்தி மாற்றினால் பேச்சு நடுவுக்கு வந்துவிடும். டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வசனம் இரண்டு தடவை எதிரொலிக்கும்.

மெல்லப் பேசுவதற்கும் குண்டு வெடிப்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளி இருக்கிறதே, அது தியேட்டருக்காகச் செய்தது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியில் வந்ததிலிருந்தே நம் படங்களில் அந்த இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. தியேட்டரில் பக்கத்து வீடு இல்லை, தொட்டில் இல்லை. நம் வீட்டுக்கு அதைச் சுருக்க 'நைட் மோட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' என்று ஒரு வசதி எல்லா ரிசீவரிலும் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். பெயர்தான் 'நைட்', நான் பகலிலும் அதைத்தான் போடுகிறேன்.

கடைசியாகச் சப்-வூஃபர். பக்கத்துப் போர்ஷன் பையனை எழுப்பியது வசனம் அல்ல, இதுதான். கனமான ஒலி சுவரைத் தாண்டிப் போகும். நாங்கள் அதைப் பொதுச்சுவரின் மூலையிலேயே வைத்திருந்தோம். மூலையில் வைத்தால் இடி இன்னும் கூடும். எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, அளவையும் குறைத்தோம். மெனுவில் 'மேக்சிமம் வால்யூம்' என்ற இடத்தில் மைனஸ் 25-க்கு மேல் போகாதபடி பூட்டியும் வைத்தான் மகன். விருந்தாளிப் பிள்ளைகள் ரிமோட்டை அழுத்தினாலும் பயமில்லை.

அவன் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்று வைத்திருக்கிறான். துல்லியம் இல்லாவிட்டாலும் முன்னே பின்னே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய நிலையில் சண்டைக் காட்சி 92 காட்டியது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம், குழந்தைகளுக்கு 75 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. அப்படியே போனால் 92-க்கு இரண்டரை மணி. ஒரு தமிழ்ப் படம் அந்த அளவிலேயே ஓடினால் ஒரு வாரத்து ரேஷன் தீர்ந்தது! எல்லாம் சரிசெய்த பிறகு அதே காட்சி 76-ல் நின்றது. பேச்சு தெளிவாகக் கேட்டது. மகள் கைதட்டினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னா அந்தப் பொண்ணு?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கோளாறு பெட்டியில் இல்லை என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

யோசித்துப் பார்த்தால் எத்தனையோ நாளாகவே இப்படித்தான். அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். போனில் கத்திப் பேசுவார். என் தங்கை வீட்டுக்காரர் கூட "அண்ணன் என்மேல் கோபமா?" என்று கேட்டிருக்கிறார். ஆண் குரல் புரியும், பேத்தியின் மழலையும் என் குரலும் புரியாது. 'வேணும்னே கேட்காத மாதிரி இருக்கார்' என்று நான் எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அவருக்கு ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை அடித்து வளைக்கிற இயந்திரங்கள். பத்தொன்பது வருஷம். நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கு நெடுங்காலமாக வைத்திருந்த அளவு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். அதற்கு மேல் போனால் காதுக்குப் பாதுகாப்பு வேண்டும். கம்பெனியில் காதடைப்பான் கொடுக்காமல் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் ஸ்பாஞ்சு, நீல நூலில் கோத்தது. சட்டை துவைக்கும்போது பையிலிருந்து நான்தான் எடுத்துப் போடுவேன், ஒவ்வொன்றும் வெள்ளிக்கிழமை வாங்கிய மஞ்சள் மாதிரி பளிச்சென்று இருக்கும். வீணாக்குவானேன் என்று ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தேன். அந்த நூலில்தான் பருப்புப் பொட்டலம் கட்டுவேன். அது ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா?

"அதைப் போட்டுக்கிட்டா மிஷின் சத்தம் மாறுறது தெரியாதுடி. சூப்பர்வைசர் கூப்பிட்டாலும் கேட்காது. காதும் அரிக்கும்" என்றார். சோதனைக்கு வரமாட்டேன் என்றார். "உங்க பேத்தி 'தாத்தா'ன்னு கூப்பிடறப்போ என்ன செய்வீங்க?" என்று மகள் கேட்டாள். பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஷிப்டு முடிந்த கையோடு காது சோதனைக்குப் போகக்கூடாது, குறைந்தது பதினாலு மணி நேரமாவது இரைச்சலை விட்டு விலகி இருந்த பிறகு போக வேண்டும். அதனால் வார லீவு முடிந்த மறுநாள் காலையில் காஞ்சிபுரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டி, மெல்லிய ஒலிகளாகக் கொடுத்து, கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வந்த படத்துக்கு ஆடியோகிராம் என்று பெயர். கனமான ஒலிகளில் கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் கிணறு வெட்டினாற்போல் இறங்கியிருந்தது. இரண்டு காதிலும் ஒரே மாதிரி. "இரைச்சலால் வந்த காது மந்தத்தின் கையெழுத்து இது" என்றார் டாக்டர். உள்காதில் ஏறக்குறைய 15,000 மெல்லிய மயிர்ச் செல்கள் இருக்கின்றனவாம். போனது போனதுதான், திரும்ப முளைக்காது. இது தொழிலால் வரும் நோய் என்று சட்டத்திலேயே பட்டியலிட்டிருக்கிறார்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ரிசீவர் ரகசியமும் அங்கேதான் விளங்கியது. 'ச', 'த', 'க', 'ஸ' போன்ற எழுத்துகளின் ஓசை அந்தக் கிணற்றுப் பக்கம் விழுகிறது. 'ஆ', 'ஓ' போன்றவை நன்றாகக் கேட்கும். அதனால் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. மொத்த வால்யூமை ஏற்றினால் நன்றாகக் கேட்பதுதான் இன்னும் பெரிதாகும், அது மெல்லிய ஓசையை மூடிவிடும். வீட்டுக்கு வந்து சப்-வூஃபரை இன்னும் 3 டெசிபல் இறக்கி, நடு ஸ்பீக்கரில் ட்ரெபிளை 2 ஏற்றினோம். அவர் நாற்காலியை ஓர் எட்டு முன்னால் போட்டேன். வசனம் எழுத்தாக வரும் படங்களில் அதையும் போடுகிறோம்.

காதடைப்பானை எப்படிப் போடுவது என்றும் டாக்டர் காட்டினார். விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, அது ஊதும் வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டது வீண். இவர் இத்தனை வருஷம் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு "இது சரிப்படாது" என்று எடுத்திருக்கிறார். இப்போதெல்லாம் துவைக்கப் போடும் சட்டைப் பையில் காதடைப்பான் அழுக்காக வருகிறது. ஊறுகாய் பாட்டில் நிறைவதும் நின்றுவிட்டது.

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் எங்கள் வால்யூம் நம்பர்: சாதாரணமாக மைனஸ் 38, பக்கத்தில் ஆள் தூங்கினால் மைனஸ் 46. இன்னொரு பக்கம் பக்கத்துப் போர்ஷன் பையனின் ஷிப்டு அட்டவணை. இந்த வாரம் அவனுக்கு நைட். படம் நாலு மணிக்கு மேல்தான்.

காது மெஷின் வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும், அடுத்த மாதம் வாங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிறார். "பார்த்தது போதும், கேட்கலாம் வாங்க" என்று நான் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டேன்.